ஐஸ் கம்பெனிக் குழாயில் நரி இல்லவே இல்லை

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அன்போடும் ஆசியோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மனைவியும் நலம். அவள் கணுக்கால் மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாய் பரம சௌக்கியம். அங்கே பயிற்சி முகாமில் உங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கிறதா என்று அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் வந்து இறங்கியதும் பத்து மணிக்கு நம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளரே நீங்கள்தான் என்பதால் அது எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கட்டடத்துக்குப் பின்னால் மூடிக் கிடக்கிற ஐஸ் கம்பெனியின் உடைந்த பெரிய குழாயில் ஒரு நரி குடியிருப்பதாக நான் புகார் எழுதிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு, குழாய்க்கு முன்னால் விஷம் தடவிய இறைச்சி வைப்பது, மறுநாள் குழாய் வாயை சிமென்ட் போட்டு அடைத்துவிடுவது என்று தலைவர் தீர்மானம் தயாராக வைத்திருக்கிறார். அந்தப் புகாரை நான் வாபஸ் வாங்குகிறேன். அங்கே நரி இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி வாசித்து, குறிப்பேட்டில் ஏற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். முப்பத்துநாலு வருடம் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவன் நான். சாட்சி கூண்டில் நின்று என்ன கத்தினாலும் சரி, என் மெஷினில் என்ன விழுந்ததோ அதுதான் கடைசியில் நின்றது. தலைவரிடம் (பேட்டரிக் கடை வைத்திருக்கிறவர், தங்கமான மனிதர், இந்த இடத்தை அவசியம் வாசிக்கவும்) நேரிலேயே போய், "சார், நான் தப்பாப் பார்த்துட்டேன், இத்தோட விட்டுடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "என்னய்யா இது, நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துட்டு இப்போ வந்து இல்லைங்கிறீங்க? எழுதினதை எழுதித்தான் வாபஸ் வாங்கணும். ஏன் தப்பாத் தெரிஞ்சுதுன்னு காரணத்தோட எழுதுங்க. நாலு பேருக்குத் திருப்தியா இருந்தா அப்புறம் பார்க்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. காரணமா கிடைக்காது? ஒரு சாட்சியை வக்கீல்கள் எப்படி உடைத்து நொறுக்குவார்கள் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இன்றைக்கு என்னை நானே கூண்டில் ஏற்றி, என் சாட்சியம் செல்லாக்காசு என்று நிரூபிக்கப் போகிறேன்.

முதலாவது, சாட்சி பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை நிரூபிக்க, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் மனைவி எட்டு வயதில், நாய்க்குட்டி வாங்கித் தா என்று இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். "அம்மாவுக்கு நாய் முடி ஆகாது கண்ணு, மூச்சு இழுக்கும்" என்று சொல்லித்தான் அவளை அடக்கினேன். உங்கள் அத்தைக்கு ஒரு மூச்சும் இழுக்கவில்லை. தெருவில் போகிற நாய்க்கெல்லாம் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவள் அவள். பயம் எனக்குத்தான். அவள் அந்தப் பழியை வாயைத் திறக்காமல் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். மகள் பக்கத்தில் இருக்கும்போது எதிரே நாய் வந்தால், சும்மாவேனும் இரண்டு தரம் இருமிக் காட்டுவாள். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்தாள். இதை நீங்கள் வாசிக்கும்போது உங்கள் மனைவி முன் வரிசையில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, வாசியுங்கள்.

அப்பேர்ப்பட்டவன் கையில்தான், நீங்கள் கிளம்பிப் போன மூன்றாம் நாள், அவள் படியில் சறுக்கி விழுந்த அன்று மாலையே, நாயின் கயிறு வந்து சேர்ந்தது. நான் உங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்த ஊர் என்பது லிப்ட், பால்கனி, மருந்துக்கடை, மறுபடி லிப்ட். அவ்வளவுதான். "அப்பா, விடிகாலை அஞ்சரைக்கு ஒரு தடவை, பொழுது சாயறப்ப ஒரு தடவை, கூட்டிட்டுப் போயிட்டு வந்தாப் போதும். அது ஒண்ணும் பண்ணாது" என்றாள். இந்த 'ஒண்ணும் பண்ணாது' என்கிற வார்த்தையை நம்பிக் கடிபட்டவர்களின் வழக்குகளை நான் எத்தனை அடித்திருக்கிறேன் தெரியுமா! ஆனாலும் மகள் எதிரில் பயத்தைக் காட்டிக்கொள்ள முடியுமா? கயிற்றை வாங்கிக்கொண்டேன். நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நீங்கள். பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், மாப்பிள்ளை ஆசையாக வளர்க்கிற நாயை வாடா போடா என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. "வாங்க மேனேஜர், போதுங்க, திரும்பலாமா" என்றுதான் கூப்பிடுகிறேன். அதனாலேயோ என்னவோ, அவர் என்னைச் சட்டை செய்வதே இல்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் அடியிலும் நின்று, பழைய கோப்பைப் புரட்டுகிற மாதிரி நிதானமாக மோந்து முடித்துவிட்டுத்தான் நகருவார். நான் ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

விடிகாலைத் தெரு என்பது நாம் பகலில் பார்க்கிற தெரு இல்லை, மாப்பிள்ளை. பகலில் அங்கே கடைகள் இருக்கின்றன, வண்டிகள் இருக்கின்றன, மனிதனுக்கு மனிதன் துணை. விடிகாலையில் பார்த்தால் எல்லாம் வேறு யாருடைய ஊர் போலவோ இருக்கிறது. பஸ் டிப்போ வாசலில் எலிகள் பெருச்சாளி சைசில் வரிசையாக ரோட்டைக் கடக்கின்றன. நான் நின்று வழிவிட்டுத்தான் போகிறேன். பாங்க் போர்டின் மேல் ஒரு பருந்து உட்கார்ந்து புறாவை இறகு இறகாகப் பிய்க்கிறது. அந்த இறகுகள் என் தோளில் வந்து விழுகின்றன. முதல் நாள் குப்பை லாரி திருப்பத்தில் நின்று அந்த இரும்புக் கையைத் தூக்கிக் கர்ரென்று ஒரு சத்தம் போட்டதே, அதைக் கேட்டு நான் அங்கே இருந்த ஏ.டி.எம். அறைக்குள் ஓடி, நாயோடு சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பத்து நிமிஷம் வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று லாரிக்காரர் கையைக் காட்டிக் காட்டி, "பெரியவரே, போயாச்சு, வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தேன். இதற்குச் சாட்சி அந்த அறையின் கேமரா. தலைவர் வேண்டுமானால் வாங்கிப் பார்க்கட்டும்.

காகங்கள் விஷயத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாலாம் நாள் மேனேஜர் வேலியோரம் கீழே விழுந்து கிடந்த ஒரு காக்கைக் குஞ்சை மோந்துவிட்டார், அவ்வளவுதான். மோந்தது அவர், கொத்து வாங்கியது நான். எங்கிருந்துதான் வந்தனவோ, கம்பியில் இருபது, மரத்தில் இருபது, ஒன்றையொன்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னை அடையாளம் காட்டுகின்றன. மறுநாள் வேறு சட்டை போட்டுப் போனேன். கண்டுபிடித்துவிட்டன. அதற்கடுத்த நாள் உங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். அப்போதும் கண்டுபிடித்துவிட்டன. கடைசியில் உங்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். நீங்கள் வந்து பார்க்கும்போது அதில் மூன்று கீறல் இருக்கும். வண்டி மோதியது என்று நினைக்க வேண்டாம், காகம் போட்டது. நடைபாதையில் உட்கார்ந்து பேப்பர் பிரிக்கிறவர் என்னைப் பார்த்து, "ஐயா, ஹெல்மெட் இருக்கு, நாய் இருக்கு, வண்டி எங்கே?" என்று கேட்டார். அங்கே இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். முப்பத்துநாலு வருடம் கோர்ட்டில் சேர்த்து வைத்த மானம் அன்றைக்கே கப்பலேறிவிட்டது.

இதற்கு முன்பும் இல்லாததைப் பார்த்தவனா என்று கேட்டால், ஆமாம், பார்த்தவன்தான். ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது. ஏழாம் நாள் அதன் விளிம்பில் ஒரு முகம் தெரிந்தது. வெள்ளை முகம். மூக்கு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் அப்படியே முதுகுப் பக்கம் திரும்பி, மறுபடி என் பக்கம் வந்தது. எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. "பொணம்! பொணம்!" என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் அம்மா சொன்னார்கள். அவர்களுடைய குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றேனாம். ராத்திரி டியூட்டி முடித்து, ஷூவைக் கழற்றிவிட்டு, வீங்கின காலை ஆற வைத்துக்கொண்டிருந்த அம்மா. என்னைப் பிடித்து உட்கார வைத்து, "சார், அது ஆந்தை சார். நான் டியூட்டி முடிச்சு வர்ற நேரத்துக்கு அதுவும் டியூட்டி முடிச்சு வரும். ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட்" என்றார்கள். ஆக, ஆந்தையைப் பிணம் என்று சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் எதை நரி என்று சொன்னால்தான் என்ன?

இனி நரிக்கு வருவோம். அதாவது, இல்லாத நரிக்கு. அது பதினோராம் நாள். பேக்கரியைத் தாண்டி ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ரொட்டி சுடுகிற சூடு சுவர் வழியாக வரும். பூனைகள் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கும். அன்றைக்கு ஒரு பூனையையும் காணோம். மேனேஜர் சடாரென்று நின்றார். குரைக்கவில்லை. முதுகில் முடி மட்டும் வரிசையாக எழுந்தது. முழங்கால் உயரத்தில் இருக்கிற அந்த உடைந்த குழாய்க்குள் இரண்டு வெளிச்சம் தெரிந்தது. மேனேஜர் என்னை ஒரு சுற்றுச் சுற்றினார், கயிறு காலில் பின்னியது, நான் மல்லாக்க விழுந்தேன், கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. குழாயிலிருந்து அது வெளியே வந்தது. ஓசையே இல்லை, மாப்பிள்ளை. இலை விழுந்தால்கூட ஒரு சத்தம் வரும்; அதற்கு அதுவும் இல்லை. செம்பழுப்பு உடம்பு, கூர்மூக்கு, துடைப்பம் மாதிரி வால், வால் நுனி கறுப்பு. (இந்த வரியை வாசிக்கும்போது விட்டுவிடுங்கள்.) கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நின்று என்னையே பார்த்தது. ஈரக்குலை நடுங்குவது என்பார்களே, அது வெறும் பேச்சில்லை, உண்மையிலேயே உள்ளே ஏதோ ஒன்று நடுங்குகிறது. கத்த வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு உங்கள் அத்தையை நினைத்துக்கொண்டேன். அதன் மூச்சு என் பாதத்தில் பட்டது. அப்புறம் வலது காலிலிருந்து செருப்பு மெதுவாக, மிக மெதுவாக, யாரோ மரியாதையாகக் கழற்றுகிற மாதிரி, கழன்று போனது. நான் கண்ணைத் திறந்தபோது அதுவும் இல்லை, செருப்பும் இல்லை. மேனேஜரை இழுத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தேன். லிப்ட் வரக் காத்திருக்கிற தைரியம்கூட இல்லாமல் ஐந்து மாடியும் படியேறினேன்.

அன்று மாலையே நாலு பக்கம் புகார் அடித்தேன். வழவழவென்று வந்தது. ஒன்பது பிரதி எடுத்து, ஒன்றைத் தலைவரிடம் கொடுத்து, மீதியை ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் பக்கத்தில் ஒட்டினேன். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்தக் கட்டடத்துலேயே பொறுப்பான ஆள் நீங்க ஒருத்தர்தான் ஐயா" என்றார். மாப்பிள்ளை, மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாது. எட்டு மாதமாக 'செயலாளரோட மாமனார்' என்றுதான் எனக்குப் பெயர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக லிப்டில் ஒருவர் எனக்கு வணக்கம் வைத்தார். அந்த வணக்கத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கடிதம். கோர்ட் முறைப்படி என் குறுக்கு விசாரணையைக் கீழே தருகிறேன்.

கேள்வி: அப்போது வெளிச்சம் இருந்ததா?

பதில்: ஒரு தெருவிளக்கு. அதுவும் விட்டு விட்டு எரியும்.

கேள்வி: உங்கள் கண்ணாடி எங்கே இருந்தது?

பதில்: என் முதுகுக்கு அடியில்.

கேள்வி: வலது கண்ணில் புரை இருப்பதாகவும், ஆபரேஷனுக்குப் பயந்து இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டதாகவும் சொல்வது சரியா?

பதில்: சரி. மூன்று தடவை.

கேள்வி: இதற்கு முன் நரியை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பதில்: இல்லை. பிஸ்கட் டப்பா மேல் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் எப்படிப் பார்த்தீர்கள்?

பதில்: (சாட்சி பதில் சொல்லவில்லை.)

கேள்வி: செருப்பு சுவரோரச் சாக்கடையில் விழுந்திருக்கலாம் அல்லவா?

பதில்: விழுந்திருக்கலாம்.

கேள்வி: விழுந்ததா?

பதில்: விழுந்திருக்கலாம்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் பார்த்தது ஏதோ ஒரு தெருநாய். மூக்கு கொஞ்சம் கூர்மையான, வால் கொஞ்சம் அடர்ந்த, செருப்பின் மேல் ஆசை உள்ள தெருநாய். எல்லாத் தெருநாய்க்கும் உள்ள குணம்தான். மேலும் விஷம் வைத்தால் அதை முதலில் மோந்து பார்க்கப் போகிறவர் மேனேஜர். எதையும் மோந்து பார்க்காமல் அவர் நகரமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே விஷமும் வேண்டாம், சிமென்டும் வேண்டாம். கட்டடத்தில் எல்லாரையும் கலவரப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி என்னைச் 'செயலாளரோட மாமனார்' என்றே கூப்பிடலாம். 'நரித் தாத்தா' என்று கூப்பிடுகிற இரண்டாம் மாடிக் குழந்தைகளும் அப்படியே கூப்பிடட்டும், எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டும். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைக்க வேண்டும். பயிற்சியில் முதலாவதாக வந்து, பதவியும் புகழும் பெருகி, பல்லாண்டு நோய் நொடியில்லாமல் நீங்களும் என் மகளும் வாழ மனமார வாழ்த்துகிறேன். மேனேஜர் வாலை ஆட்டித் தம் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(பிறழ்சாட்சி)

பின்குறிப்பு: இதற்குக் கீழே ஒரு எழுத்தையும் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

நரி இருக்கிறது. தாய் ஒன்று, குட்டி நாலு. புகார் ஒட்டிய மறுநாள் காலை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பேப்பர் பிரிக்கிறவர் சிரிக்கவில்லை. "லிப்ட்ல ஒட்டினது நீங்கதானா ஐயா?" என்று கேட்டார். பேப்பர் போடப் போனபோது படித்திருக்கிறார். "நான்தான்" என்றேன் பெருமையாக. அவர் கட்டை அவிழ்த்துக்கொண்டே, "மூணு வருஷமா அது இங்கதான் இருக்கு. பேக்கரிக்காரருக்குத் தெரியும், லாரிக்காரருக்குத் தெரியும், நர்ஸ் அம்மாவுக்குத் தெரியும். நாங்க எல்லாரும் பார்த்திருக்கோம் ஐயா. எழுதிக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆந்தை முகத்தைப் பார்த்துப் பயந்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்த அந்த நர்ஸ் அம்மா, அன்றைக்குப் பஸ் வருகிறதா என்று எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் எனக்குக் கிடைத்த ஊர், அரை நாளில் கையை விட்டுப் போன மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பேக்கரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் செருப்பு குழாய் வாசலில் கிடந்தது. நாலு குட்டிகளும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி செருப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு பின்னாலேயே போய் மல்லாக்க விழுந்தது. தாய் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மேனேஜர் குரைக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், மாப்பிள்ளை. அப்புறம்தான் தலைவரின் தீர்மானம் ஞாபகம் வந்தது. என் மெஷினில் விழுந்த நாலு பக்கம் இவற்றைக் கொல்லப் போகிறது. ஊரார் பொய்யை முப்பத்துநாலு வருடம் அடித்திருக்கிறேன். சொந்தமாக அடிக்கிற முதல் பொய் மேலே உள்ள கடிதம்தான். உங்களை நான் பொய் சொல்லச் சொல்லவில்லை, வாசிக்கத்தான் சொல்கிறேன். தயவுசெய்து வாசியுங்கள்.

எனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் அந்தச் சுவர் ஓரம் போகும்போது கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். அது என் பக்கம் வந்துவிடுமோ என்று பயம். பேக்கரியைத் தாண்டுகிற வரைக்கும், இன்றைக்கு வராமலே போய்விடுமோ என்று இன்னொரு பயம். முன்பு ஒரு பயத்தோடு போய் வந்தேன், இப்போது இரண்டோடு போய் வருகிறேன். ஆனால் யாருக்காவது காரியம் சுலபமாக முடிந்தால் 'நரி முகத்துல முழிச்சியா' என்று கேட்கிறார்களே, நான் பதினைந்து நாளாகத் தினமும் அந்த முகத்தில்தான் முழிக்கிறேன். பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். மாவுக்கட்டு பிரித்த பிறகும் காலை நடை என்னிடமே இருக்கட்டும். மகளிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. கடிதத்தை உறையில் போட உங்கள் மனைவியிடம் கொடுத்தேன். முழுவதையும் படித்துவிட்டாள். நான் பால்கனியில் போய் நின்றுகொண்டேன். கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, அம்மா எனக்கு அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்றாள். "எதை?" என்றேன். "மூச்சும் இழுக்கலை, ஒண்ணும் இழுக்கலை, அப்பாவுக்குத்தான் பயம். பாவம், நீ கேக்காதே, அவரு ரொம்ப வெட்கப்படுவாருன்னு சொன்னாங்க. அவங்க இருமுறப்ப நானும் சேர்ந்து உங்களை உள்ளே கூட்டிட்டுப் போவேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். இருக்கிறது. அந்த இருமல் எல்லாம் மகளுக்காக என்றுதான் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் மிச்சமிருந்த இடது கால் செருப்பையும் இன்று காலை குழாய் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தேன். குட்டி நாலு, செருப்பு ஒன்று என்றால் சண்டைதானே. வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து, எட்டாம் நம்பர் செருப்பு இரண்டு ஜோடி வாங்க வேண்டும் என்று உங்கள் மனைவியிடம் சொன்னேன். எதற்கு இரண்டு என்று அவள் கேட்கவில்லை.